கடைசி வரிசைக் கைதட்டல்

மார்க்கிரட் அக்காவைப் பற்றி எழுது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்காமலே எழுதுகிறேன். எங்கள் கூடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டு என் உயிரை வாங்குகிறார்கள். "வாசிக்கும்போது நடுவுல யாரும் கைதட்டக் கூடாதுன்னு எழுதிப் போட்டிருக்கீங்க. அப்புறம் கடைசி வரிசையில தட்டுறது யாரு?" ஆளுக்கு ஒரு தடவை உட்கார்ந்து சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. பொறுமை எல்லாம் மார்க்கிரட் அக்காவின் இலாகா.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அச்சுக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடி. மாதத்தின் மூன்றாம் ஞாயிறு, பிற்பகல் மூன்று மணி. ஓப்பன் மைக். யார் வேண்டுமானாலும் வரலாம், பெயர் எழுதலாம், ஐந்து நிமிடம் கவிதை வாசிக்கலாம். கவிதை நன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இருந்திருந்தால் பாதி ஞாயிறுகளில் நாங்கள் மூன்றே காலுக்கே வீட்டுக்குப் போயிருப்போம். கடை முதலாளி ஜெயராஜ் கூடத்தைச் சும்மா கொடுத்திருந்தார். மைக் பிடித்து ஆட்களை அழைப்பது நான், தாரா. வார நாட்களில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் காப்புறுதி விற்கிறேன். என் வாய்க்கும் ஒரு காப்புறுதி எடுக்கச் சொல்வாள் என் அம்மா.

வாசலில் சின்ன மேசை போட்டு, பெயர் எழுதும் நோட்டோடு உட்கார்ந்திருப்பவர்தான் மார்க்கிரட் அக்கா. அறுபத்திரண்டு வயது. கிள்ளானில் ஒரு ஃப்ளாட்டில் தனியாக இருக்கிறார், கம்யூட்டர் ரயிலில் வருவார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். அப்பா ரயில்வேயில் கிளார்க். அக்கா ஓர் அரசாங்க அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் டெலிபோன் ஆபரேட்டர். இன்னமும் 'ஆமாம்' என்று சொல்ல மாட்டார், 'ஓம்' என்றுதான் சொல்வார். அதற்காக நாங்கள் கிண்டல் செய்தால் அதற்கும் 'ஓம், ஓம்' என்பார்.

அவர் ஒரு கவிதையும் எழுதியதில்லை. பிறகு ஏன் வருகிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஆளுங்கள கனெக்ட் பண்ணிட்டு நான் லைன விட்டு வெளிய வந்துடணும், தாரா. அவங்க என்ன பேசுறாங்கன்னு கேட்கக் கூடாது. அதான் ரூல். முப்பத்தோரு வருஷம் கேட்காமயே இருந்துட்டேன். இப்பதான் கேட்குறேன்."

வருகிறவரிடம் முதலில் "உங்க பேர எப்படிக் கூப்பிடணும்?" என்று கேட்பார். தன் வாயால் ஒருமுறை சொல்லிப் பார்த்து, அவர்கள் தலையாட்டிய பிறகுதான் எழுதுவார். தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகித் திறந்து கொடுப்பார். முதல் தடவை மேடை ஏறுகிறவருக்குக் கை நடுங்கும், மூடி திறக்க வராது என்று அவருக்குத் தெரியும். யாராவது இன்னொருவரின் தமிழைக் கேட்டு நக்கலாகச் சிரித்தால், எழுந்து போய்ச் சிரித்தவரின் நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்பார். ஒன்றும் சொல்ல மாட்டார், சும்மா நிற்பார். ஒரு விரிவுரையாளர் அப்படித்தான் கழிவறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவர், இன்றுவரை திரும்பி வரவில்லை. சனியன் விட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

இப்படிப்பட்ட அக்கா இருந்தும் அந்த நவம்பரில் அது நடந்தது. நடத்தியவள் நான்.

செல்வகுமார் என்று ஒருவர் வந்தார். முப்பத்தெட்டு வயதிருக்கும். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்து, கிள்ளான் பக்கம் பண்டமாரானில் கப்பல் கொள்கலன்கள் அடுக்கும் யார்டு ஒன்றில் வேலை. இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை, எட்டாக மடித்த காகிதம். கவிதைக்குத் தலைப்பு 'பெட்டி'.

"பெட்டிக்கு எடையும் உண்டு, விலாசமும் உண்டு.
எனக்கு எடை மட்டும் உண்டு."

தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு ஒரு பட்டியல் வந்தது. எந்தப் பெட்டியில் என்ன சரக்கு, எந்த ஊருக்குப் போகிறது என்று ஒவ்வொன்றாக. டயர், அரிசி, குளியலறைத் தொட்டி, பொம்மை. நிறுத்தி நிறுத்தி, எழுத்துக் கூட்டுவது மாதிரி வாசித்தார். ஐந்து நிமிடம் தாண்டியது, ஏழும் தாண்டியது. இன்னும் நான்கு பேர் காத்திருந்தார்கள். எனக்கோ கோபம் மூக்குக்கு மேல்.

நம் ஆட்கள் மேடையிலிருந்து ஒருவரை இறக்க ஒரு வழி வைத்திருக்கிறார்களே. கல்யாண மண்டபம், கோயில் விழா, சங்கத்து ஆண்டுக் கூட்டம், எங்கேயும் அதேதான். பேச்சு நீண்டால் நடுவில் கைதட்டுவது, அவர் உட்காரும்வரை தட்டிக்கொண்டே இருப்பது. அதைத்தான் செய்தேன். நான் ஆரம்பித்தேன், கூடம் முழுக்கச் சேர்ந்துகொண்டது. வாசல் மேசையில் மார்க்கிரட் அக்காவும் தட்டினார். நாலு தட்டு. எண்ணி நாலு என்று பிறகு அவரே சொன்னார்.

செல்வகுமார் தலை நிமிர்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு. இரண்டு கையும் கூப்பி, "நன்றிங்க. நன்றிங்க" என்றார். எங்களுக்கு அவ்வளவு பிடித்துவிட்டது என்று நினைத்து, கவிதையை மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கினார். சிலர் சிரித்தார்கள். நான் மைக்கை அணைத்தேன். மைக் இல்லாமல் இன்னும் ஒரு வரி வாசித்தார். அப்புறம் நேரம் முடிந்தது என்று புரிந்து, காகிதத்தை மடித்து இறங்கினார்.

போகும்போது அக்காவின் மேசையில் நின்று, "அடுத்த மாசத்துக்கு எம்பேர எழுதிக்கங்கக்கா. மீதி இருக்கு" என்றார். அக்கா எழுதினார்.

டிசம்பரில் அவர் வரவில்லை. அக்காதான் வந்ததும் வராததுமாக ஓர் அட்டையைச் சுவரில் ஒட்டினார்: 'வாசிப்பு முடியும்வரை யாரும் கைதட்ட வேண்டாம்.' எனக்கு முகத்தில் அறைந்தாற்போல இருந்தது. செல்வகுமார் பெயரை அழைத்தோம். ஆள் இல்லை. அடுத்த பெயருக்குப் போகலாம் என்றேன்.

"பேர் எழுதிக்கிட்டோம், தாரா. அஞ்சு நிமிஷம் அவருக்கு. மைக் திறந்தே இருக்கட்டும்."

வெளியே மழை. கூடத்தில் முப்பது பேர், வெறும் மைக்கைப் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தோம். ஒலிபெருக்கியில் மெல்லிய இரைச்சல். யாரோ வாயைத் திறக்கப் போகிறார்கள் என்பது மாதிரியே இருந்தது. எனக்கு அந்த ஐந்து நிமிடம் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

ஜனவரியில் ஆரம்பித்தது. விஷ்ணுப்ரியா என்ற பெண், சுங்கை பூலோவிலிருந்து, தாதிமைப் படிப்பு. முதல் தடவை வந்திருந்தாள். வார்டில் இறந்துபோன ஒரு நோயாளிக்குத் தலை வாரிவிட்டதைப் பற்றிய கவிதை. குரல் நடுங்கியது. ஆனால் கூடம் மூச்சு விடாமல் கேட்டது. பாதிக் கவிதையில், பின்னாலிருந்து கைதட்டல்.

மூன்று தட்டு. நிதானமாக. காய்த்துப்போன உள்ளங்கைகள் ஒன்றையொன்று அறையும் சத்தம், பலகையில் பலகை மோதுவது மாதிரி.

எல்லாரும் திரும்பினோம். கடைசி வரிசையில் ஜன்னலோரம் ஒரு நீல நாற்காலி. அதில் யாரும் இல்லை. அதற்குப் பக்கத்து நாற்காலிகளிலும் யாரும் இல்லை. விஷ்ணுப்ரியா மேடையை விட்டு இறங்கினாள். "சாரி, ரொம்ப நீளமா போச்சு" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடிவிட்டாள்.

"எவன் அவன்? தைரியமிருந்தா எழுந்து நில்லு!" என்று கத்தினேன். யாரும் எழவில்லை. அந்த நீல நாற்காலி மட்டும் லேசாகக் கிரீச்சிட்டது, உட்கார்ந்திருப்பவர் சங்கடத்தில் நெளிந்தால் கேட்குமே, அப்படி. அத்தோடு எனக்குக் குரல் அடங்கிவிட்டது.

அதே நாளில் இன்னொருவருக்கும் நடந்தது. பிப்ரவரியில் மூன்று பேருக்கு. எப்போதும் நடுவில்தான், அதே மூன்று தட்டு. யாருக்குத் தட்டல் விழுகிறதோ அவர் அவமானத்தில் நின்றுபோவார். மற்றவர்களுக்கு மயிர்க்கூச்செறியும். நாற்காலியை மாற்றினோம். அடுத்த நாற்காலியிலிருந்து தட்டல் வந்தது. கடைசி வரிசையையே எடுத்துவிட்டோம். நாற்காலி இல்லாத இடத்திலிருந்து வந்தது. முப்பது பேர் ஒன்பது பேர் ஆனார்கள். ஜெயராஜ் மேலே வந்து எண்ணிப் பார்த்துவிட்டு, "அலாமாக், இவ்வளவுதானா? மார்ச்சோட முடிச்சிக்குவோம் லா, தாரா. டியூஷன் சென்டர்க்கு ஒருத்தங்க கேட்குறாங்க" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வரவேண்டிய கோபமெல்லாம் என் மேலேயே வந்தது.

அன்று எல்லாரும் போன பிறகு அக்கா கடைசி வரிசை இருந்த இடத்துக்குப் போய், தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து. காதில் ரிசீவர் வைத்திருப்பது மாதிரி. நாலரை மணி வெயில் ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. மோனோரயில் போனது.

"அக்கா, எழுந்து வாங்க. பயமா இருக்கு."

"ஆள் இல்லாத லைனும், ஆள் இருந்தும் பேசாத லைனும் வேற வேற சத்தம், தாரா. எனக்குத் தெரியும்." கண்ணைத் திறந்தார். "இங்க ஆள் இருக்கு. யாருன்னு உனக்கும் தெரியும்."

தெரியும். செல்வகுமார். அவமானப்படுத்தினோம், அதைத் திருப்பித் தருகிறார் என்றுதான் நினைத்தேன். நாங்கள் அவரை இறக்கியது போலவே எங்கள் மேடைக்கு வருகிற ஒவ்வொருவரையும் இறக்குகிறார், எங்கள் கூடம் மூடும்வரை விட மாட்டார் என்று நினைத்தேன். எனக்கு அது வேண்டியதுதான். ஆனால் விஷ்ணுப்ரியா என்ன பாவம் செய்தாள்?

அவருக்கு என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள, மறு சனிக்கிழமை என் காரில் பண்டமாரான் போனோம். செல்வகுமார் தந்த தொலைபேசி எண் அக்காவின் நோட்டில் இருந்தது, ஆனால் யாரும் எடுக்கவில்லை. யார்டு கேட்டில் விசாரித்து, தொழிலாளர்கள் தங்கும் கடைவீட்டைக் கண்டுபிடித்தோம். மாடியில் ஓர் அறை, ஆறு கட்டில். நூர் முகமது என்பவர் எங்களை உட்காரச் சொன்னார். செல்வகுமாரோடு ஆறு வருடம் ஒரே அறையில் இருந்தவர்.

"அண்ணன் மவுத்தாயிட்டாருங்க. நவம்பர் கடைசில. ராத்திரி படுத்தவரு காலைல எந்திரிக்கல. உங்க மீட்டிங்குக்குப் போயிட்டு வந்து எட்டாவது நாளு."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் மெல்ல, "அன்னைக்கு வந்து ரொம்ப வருத்தப்பட்டாரா, அண்ணே?" என்று கேட்டேன்.

நூர் முகமது என்னை வியப்பாகப் பார்த்தார். "வருத்தமா? நல்லா சொன்னீங்க போங்க! சந்தோஷத்துல மனுசன் சோறே திங்கலங்க. கோலாலம்பூர்ல எனக்கு ஹாலே கைதட்டுச்சுடான்னு ரூம் பூரா சொல்லிச் சொல்லி மாஞ்சு போனாரு. ஊருக்குப் போனப் போட்டு சீதாலெட்சுமி அண்ணிகிட்ட சொல்றாரு, தட்டின தட்டுல மேல வாசிக்கவே விடல புள்ளன்னு."

நூர் முகமது சிரித்தபடி தொடர்ந்தார்.

"அந்த ஊரு ஆளுங்களுக்கு நல்லாருந்தா முடியுற வரைக்கும் பொறுக்காதாம். நடுவுலயே தட்டிருவாங்களாம். அதான் அங்க வழக்கம்டாம்பாரு. அதுக்கப்புறம் இந்த ரூம்ல எவன் பாட்டுப் பாடுனாலும், நல்லாருந்துச்சுன்னா பாதியிலயே மூணு தட்டு தட்டுவாரு. நாங்க சிரிப்போம்."

நூர் முகமது கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை இழுத்து, எட்டாக மடித்த அந்தக் காகிதத்தை எடுத்தார். "பொட்டிய ஊருக்கு அனுப்புறப்ப இது மட்டும் தலகாணிக்குக் கீழ தங்கிப்போச்சு. மீதிய அங்க வந்து வாசிக்கணும்னாரு. நீங்களே வச்சுக்கங்க."

திரும்பும் வழியில் கிள்ளான் பாலம் தாண்டியதும் அக்கா சொன்னார்: "விஷ்ணுப்ரியாவுக்குப் போன் போடணும், தாரா. அவ கவிதை அவருக்குப் பிடிச்சிருக்கு."

நான் காரை ஓரமாக நிறுத்திவிட்டேன். மேலே ஓட்ட முடியவில்லை. பழி வாங்குகிறார் என்று நினைத்தேனே, பாவி. அந்த மனிதர் மாதா மாதம் வந்து உட்கார்ந்து, நல்ல கவிதைக்கு நாங்கள் கற்றுக்கொடுத்த மாதிரியே மரியாதை செய்துகொண்டிருக்கிறார். ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். அக்கா தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறந்து நீட்டினார்.

"நம்ம கைதட்டலுக்கு என்ன அர்த்தம்னு அவர் தெரிஞ்சுக்காமலே போயிட்டார். இனிமே தெரியவும் கூடாது" என்றார். "அவர் கேட்டது நிஜமான கைதட்டல்னு நாம ஆக்கிடணும். அதுவரைக்கும் அந்தக் கூடத்த மூட விடமாட்டேன்."

அந்த வாரம் முழுக்க அக்கா போனும் கையுமாக இருந்தார். பழைய ஆபரேட்டர் அல்லவா, வந்தவர், ஓடிப்போனவர், கோபித்துக்கொண்டவர் ஒருவரையும் விடவில்லை. மார்ச் மூன்றாம் ஞாயிறு இருபத்தாறு பேர் வந்தார்கள். கடைசி வரிசையை மறுபடி போட்டோம். நீல நாற்காலியை ஜன்னலோரம் வைத்தோம். நூர் முகமது வந்து அதற்கு முந்தைய வரிசையில் உட்கார்ந்தார்.

விஷ்ணுப்ரியா மேடை ஏறினாள். அதே கவிதை. நோயாளியின் தலையில் சீப்பு ஓடும் வரி வந்தபோது, பின்னாலிருந்து மூன்று தட்டு. நிதானமாக. நூர் முகமதின் தோள் குலுங்கியது, அவர் திரும்பிப் பார்க்கவில்லை. விஷ்ணுப்ரியா முகம் வெளுத்துப்போய் ஒரு கணம் நின்றாள். பிறகு அந்த நாற்காலியைப் பார்த்து, "தேங்க்ஸ்ணே" என்றாள். முழுக் கவிதையையும் வாசித்துவிட்டுத்தான் இறங்கினாள்.

கடைசிப் பெயரை நான் அழைத்தேன். "செல்வகுமார்."

மார்க்கிரட் அக்கா எழுந்து வந்தார். வாழ்நாளில் முதல் தடவையாக மைக் முன்னால். காகிதத்தைப் பிரித்து, அலங்காரம் ஒன்றும் இல்லாத அந்த ஆபரேட்டர் குரலில், முதல் வரியிலிருந்து வாசித்தார். டயர், அரிசி, குளியலறைத் தொட்டி, பொம்மை. நாங்கள் கேட்காத மீதி அப்போதுதான் வந்தது. இத்தனை பெட்டியிலும் ஒன்றாவது தன் ஊருக்குப் போகிறதா என்று செல்வகுமார் தினமும் விலாசம் பார்த்திருக்கிறார். அதற்குத்தான் அந்தப் பட்டியல்.

"நேற்று ஒன்று வந்தது, என் ஊர் விலாசத்தோடு.
திறந்து பார்த்தேன், காலி.
ஓர் ஆள் படுக்கலாம்."

அவ்வளவுதான். பன்னிரண்டு நிமிடம். அக்கா காகிதத்தை மடித்தார், மைக்கை அணைத்தார், அதன் பச்சை விளக்கு அணைந்ததைப் பார்த்துவிட்டுத் தன் மேசைக்குப் போனார். ஏசி சத்தம் மட்டும் கேட்டது. பின்வரிசையில் ஒன்றும் இல்லை. தன் கவிதைக்குச் செல்வகுமார் தானே எப்படித் தட்டுவார்?

அன்றைக்கு ஆரம்பித்தவள் நான்தானே. இன்றைக்கும் நானே ஆரம்பித்தேன். கூடம் எழுந்து நின்றது. உள்ளங்கை எரிய எரியத் தட்டினோம். நூர் முகமது அழுதுகொண்டே தட்டினார். மார்க்கிரட் அக்கா தட்டியது நாலோடு நிற்கவில்லை.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஒலிபெருக்கி இரைந்தது. மேடையில் மைக் அணைந்துதான் இருந்தது, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரைச்சலுக்குள் ஒரு மூச்சு. ஒருவர் பின் ஒருவராகக் கையை இறக்கினோம்.

"நன்றிங்க. நன்றிங்க."

ஓடிவிடலாம் என்றுதான் என் கால் சொன்னது. யாரும் அசையவில்லை. அக்கா எங்களைப் பார்த்து, உட்காருங்கள் என்று கையால் காட்டினார். உட்கார்ந்தோம்.

"பெட்டிக்கு எடையும் உண்டு, விலாசமும் உண்டு..."

மறுபடி முதலிலிருந்து. நிறுத்தி நிறுத்தி, எழுத்துக் கூட்டுவது மாதிரி. ஐந்து நிமிடம் தாண்டியது, ஏழும் தாண்டியது. யாரும் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

பாதியில் படியில் சத்தம் கேட்டது. ஜெயராஜ் சாவிக் கொத்தோடு மேலே வந்தார். வெறும் மேடையையும், அதையே பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும் இருபத்தாறு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன லா இது? முடிஞ்சிருச்சா? பூட்டலாமா?"

மார்க்கிரட் அக்கா உதட்டில் விரல் வைத்தார்.

"பூட்டாதீங்க, பாஸ். லைன்ல ஆள் இருக்கு."

ஜெயராஜ் சிரிக்க வாயெடுத்து, எங்கள் முகங்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சாவிக் கொத்து சத்தம் போடாமல் இருக்க அதை உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்தார். பிறகு கடைசி வரிசைக்குப் போய், நீல நாற்காலியை விட்டுவிட்டு அதற்கு அடுத்ததில் உட்கார்ந்தார்.